வெள்ளி எண்ணிய கிராணி

பத்துமலைக்கு முதன்முதலாகப் போன அன்று நான் மலைகளை எண்ணினேன். கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறி, கடைசி நிலையத்தில் இறங்கி, அண்ணாந்து பார்த்தபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் விட்டேன். மூன்றுக்கு மேல் போகவில்லை. கூட வந்த பையன்கள் என்னடா செய்கிறேன் என்று பார்த்து, விஷயம் தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பத்து என்பது நம்ம பத்து இல்லையாம். மலாய்மொழியில் 'பத்து' என்றால் கல். பக்கத்தில் ஓடும் ஆற்றுக்கும் அதே பேர். நான் நாகப்பட்டினத்துப் பக்கத்துப் பையன். சின்ன வயசிலிருந்து கேட்ட பெயர் என்பதால், பத்து மலை இருக்கும் என்றே நம்பிக்கொண்டு கடல் தாண்டி வந்திருந்தேன்.

இங்கே கணினி வேலைக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. பிரிக்பீல்ட்ஸில் வாடகை அறை. முதல் ஆறு மாசம் தினமும் ஏதாவது ஒரு பத்துமலைதான். கடையில் தோசைக்கு எவ்வளவு என்று கேட்டால் அஞ்சு வெள்ளி என்றார்கள். எனக்கு ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டது, வெள்ளியில் யார் தோசை வாங்குவார்கள்! ரிங்கிட்டைத்தான் வெள்ளி என்கிறார்கள், சென்னைக் காசு என்கிறார்கள் என்று பிறகு புரிந்தது. காலையில் பார்க்கிறவர்கள் எல்லாம் பசியாறியாச்சா என்று விசாரித்தார்கள். எங்கள் பக்கத்தில் நாகூர்க்காரர்கள் சொல்லிக் கேட்ட சொல் அது. இங்கே சீனர் கடைக்கு எதிரில், அஞ்சடியில் நின்றுகொண்டு ஒரு பாட்டி அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் நம்புவீர்களா? அதே பாட்டி அடுத்த வாரம் என்னை இன்னொருத்தருக்கு அறிமுகப்படுத்தும்போது ஊர்க்காரப் பையன் என்று சொன்னபோது கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது. இந்தியாவிலிருந்து புதுசா வந்தவன் ஊர்க்காரன். இந்தியாவை அவர்கள் இன்னும் ஊர் என்றுதான் சொல்கிறார்கள், பாட்டியின் பாட்டியே இங்கே பிறந்தவர் என்றாலும். அப்புறம் ஏன் ஊர்க்காரன் மட்டும் அந்நியன் ஆனான் என்பது எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை.

எரிச்சல்களும் உண்டு. அறை தேடியபோது தொலைபேசியில் நல்லாப் பேசிய ஒருவர், நான் என்ன இனம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அறை நேற்றே போய்விட்டது என்றார். இப்படி நாலு தடவை. கணக்குத் திறக்க முகவரிச் சான்று வேண்டும் என்று ஓர் இடத்தில் திருப்பி அனுப்பினார்கள், வாடகை ஒப்பந்தம் போட வங்கிக் கணக்கு வேண்டும் என்று இன்னோர் இடத்தில். நான் நடுவில். தினமும் சாயங்காலம் நாலு மணிக்குச் சொல்லிவைத்த மாதிரி மழை. என் தமிழைக் கேட்டுவிட்டு, சினிமாவில் பேசுகிற மாதிரி இருக்கே என்பார்கள். அது பாராட்டா கிண்டலா என்று இன்றுவரை தெரியாது.

சரி, என் கதை போதும். போன வருஷம் நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்புப் பிள்ளைகளுக்குத் தம்புசாமி பிள்ளையைப் பற்றி அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கோலாலம்பூரில் அவர் பெயரில் ஒரு சாலையும் ஒரு தமிழ்ப்பள்ளியும் இருக்கிறது என்பதுதான். படித்துத் தயார் பண்ணிக்கொண்டு போனேன். மாரியம்மன் கோயில், பத்துமலை, தைப்பூசம் என்று வரிசையாகச் சொல்லி முடித்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். பதினாறு வயசுத் தங்கை ஒருத்தி மட்டும் கை தட்டாமல் ஒரு கேள்வி கேட்டாள். ரயில்பாதை போட இந்தியாவிலிருந்து ஆள் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான் என்று நானே சொன்னேனாம். அவளுடைய முன்னோர்கள் ரயில்பாதை வேலைக்குத்தான் வந்தார்களாம். அப்படியானால் அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமா, அவர்மேல் கோபப்பட வேண்டுமா என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். ஒரு வாரம் ஒரு வருஷம் ஆகிவிட்டது. இதுதான் அந்தப் பதில், பாதியாவது.

கா. தம்புசாமி பிள்ளை பிறந்தது 1850இல், சிங்கப்பூரில். இதை முதலில் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் ஊர்க்காரர் இல்லை. கா. என்பது காயாரோகணம். அந்தப் பெயரைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், ஏனென்றால் காயாரோகணேசுவரர் எங்கள் நாகப்பட்டினத்து சாமி. நீலாயதாட்சி அம்மன் கோயில் என்று எல்லாரும் சொல்கிற கோயிலின் சிவன் பெயர் அது. கடலுக்கு இந்தப் பக்கம் பிறந்த ஒரு பிள்ளையின் பெயரோடு அந்தக் கரையின் சாமி பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில் படித்தார். ஆங்கிலம் சரளமாக வந்தது. அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் வளர்ந்த பையனுக்குத் தெருவிலேயே மலாய் வந்துவிடும். ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன் என்ற வழக்கறிஞரிடம் எழுத்தராகச் சேர்ந்தார். நம் பேச்சுவழக்கில் சொன்னால் கிராணி. இந்த டேவிட்சன் சாதாரண ஆள் இல்லை. சிலாங்கூரில் 1867 முதல் 1873 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தெங்கு கூடின் பக்கம் நின்று பண உதவி செய்தவர். போர் முடிந்து பிரிட்டிஷார் சிலாங்கூருக்கு ஒரு ரெசிடெண்டை நியமித்தபோது, 1875இல் அந்தப் பதவி டேவிட்சனுக்குக் கிடைத்தது. அவர் தன்னுடைய கிராணியையும் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வந்தார். தம்புசாமிக்கு அப்போது 25 வயசு.

இங்கே நான் கொஞ்சம் நிற்க வேண்டும். இன்றைய கிள்ளானை நினைக்காதீர்கள். லிட்டில் இந்தியாவும் புடவைக் கடைகளும் வாழையிலைச் சாப்பாடும் பாக்குத் தேயும் உள்ள கிள்ளான் இல்லை அது. ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். மேலே கோட்டை மேடு. ராஜா அப்துல்லா 1857இல் கட்டிய கிடங்கு ஒன்று. போர் ஓய்ந்து ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஆற்றின் மேற்பக்கத்தில் கோலாலம்பூர் எரிந்து சாம்பலாகி, யாப் ஆ லோய் என்ற சீனக் கப்பித்தான் அதை மறுபடி எழுப்பிக்கொண்டிருந்தார். கிள்ளானிலிருந்து அங்கே போக வேண்டுமென்றால் ஆற்றில் டாமன்சாரா வரை படகு, அப்புறம் காட்டுப் பாதை. இன்று கிள்ளானிலிருந்து நான் ரயிலில் ஒரு மணி நேரத்தில் பிரிக்பீல்ட்ஸ் வந்து இறங்குகிறேன், அதுவும் தாமதம் என்று முகம் சுளித்துக்கொண்டு. சிங்கப்பூர் அப்போதே பெரிய துறைமுகம். எரிவாயு விளக்கு, பத்திரிகை, பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் இருந்த இடம். அங்கிருந்து வந்த படித்த பிள்ளைக்குக் கிள்ளான் எப்படி இருந்திருக்கும்? காய்ச்சல், கொசு, சேறு. தமிழ் பேசத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான் இருந்திருப்பார்கள். எனக்கு வந்த வெளியூர்ச் சிரமத்தை எல்லாம் அவருடைய முதல் மாசத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து நான் வெட்கப்பட்டது உண்டு.

இன்னொரு விஷயம். அவரைக் கூட்டிக்கொண்டு வந்த டேவிட்சன் ஒரு வருஷம் சொச்சத்தில் கிளம்பிவிட்டார். 1876இல் அவரைப் பேராக்குக்கு மாற்றினார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கிற யாரையும் கேளுங்கள், இதைவிடப் பயம் தருகிற விஷயம் இல்லை. நம்மைத் தெரிந்த ஒரே மேலதிகாரி போய்விடுவார், புதுசா ஒருத்தர் வந்து உட்காருவார், நாம் யார் என்றே அவருக்குத் தெரியாது. தம்புசாமி டேவிட்சனோடு போகவில்லை, சிங்கப்பூருக்கும் திரும்பவில்லை. சிலாங்கூரின் கருவூலத்தில் கிராணியாகவே இருந்தார். டக்ளஸ் ரெசிடெண்டாக வந்தார், 1882இல் சுவெட்டன்ஹாம் வந்தார், பிறகு மாக்ஸ்வெல். மேலே ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், கணக்குப் புத்தகம் இவரிடம் இருந்தது. மாநிலக் கருவூல அதிகாரியின் பொறுப்பையே தற்காலிகமாக ஏற்று நடத்தும் அளவுக்கு உயர்ந்தார். ஓர் ஆசியருக்கு அந்த நாளில் அது சின்ன விஷயம் இல்லை.

கருவூலத்தில் என்ன இருந்தது? வெள்ளிதான். நிஜ வெள்ளி. மெக்சிக்கோ வெள்ளி டாலர்கள் இந்தக் கடல் முழுக்கப் புழங்கிய காலம் அது. ஈய ஏற்றுமதி வரி, அபின் குத்தகை, சாராயக் குத்தகை, சூதாட்டக் குத்தகை, எல்லாம் நாணயமாக வந்து குவியும். அதை எண்ணிச் சரிபார்த்து எழுதுவது கிராணிகள் வேலை. நான் தோசைக் கடையில் கேட்டுத் திகைத்த அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளியைக் கையில் எண்ணிய காலத்தின் சொல் அது. நாணயம் போய்விட்டது. தாளும் இப்போது தொலைபேசிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. பேச்சில் மட்டும் வெள்ளி இருக்கிறது.

1880இல் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. அரசாங்கத்தோடு இவரும் மாறினார். மறு வருஷமே, 1881 ஜனவரியில் பெரிய தீ, டிசம்பரில் வெள்ளம். அத்தாப்புக் கூரையும் பலகையுமாக இருந்த நகரம் பாதி எரிந்தது, மீதி நனைந்தது. இனிமேல் செங்கல்லும் ஓடும்தான் என்று சுவெட்டன்ஹாம் காலத்தில் முடிவானது. அந்தச் செங்கல்லுக்கு மண் எடுத்துச் சூளை போட்ட இடங்களில் ஒன்றுதான் நான் குடியிருக்கிற பிரிக்பீல்ட்ஸ். பெயரிலேயே இருக்கிறது. செங்கல் வயல்.

செங்கல் வந்தது, அடுத்தது ரயில். ஈயத்தைக் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுபோக வேண்டும். படகும் மாட்டு வண்டியும் போதவில்லை. பாதை போட ஆள் வேண்டும். அரசாங்கம் தம்புசாமியை இந்தியாவுக்கு அனுப்பியது. ரயில்பாதை வேலைக்கான முதல் தொகுதித் தொழிலாளர்களை அங்கிருந்து அழைத்து வந்தவர் அவர்தான்.

தங்கையின் கேள்வி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. இந்த வரியை நான் அன்று அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனேன். அவள் தாண்டவில்லை.

அந்தக் காலத்தில் கூலி வேலைக்கு மலாயா வந்த தமிழர்கள் பெரும்பாலும் கப்பல் ஏறிய துறைமுகம் எங்கள் நாகப்பட்டினம். அங்கிருந்து பினாங்கு. ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து வந்தவர்களைச் சஞ்சிக்கூலிகள் என்று இங்கே சொல்கிறார்கள். கப்பல் செலவு அவர்கள் தலையில் கடனாக ஏறும், வேலை செய்து அதைக் கழிக்க வேண்டும், கழிந்தபாடில்லை. காட்டை வெட்டித் தண்டவாளம் போடுகிற இடத்தில் மலேரியா. வந்தவர்களில் திரும்பிப் போனவர்கள் உண்டு, இங்கேயே தங்கியவர்கள் உண்டு, பாதை ஓரத்தில் புதைந்தவர்களும் உண்டு. இந்த ஒப்பந்தக் கூலி முறையை 1910இல்தான் ஒழித்தார்கள். அதற்குள் தம்புசாமி இறந்து எட்டு வருஷம் ஆகிவிட்டது.

நானும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வந்தவன்தான். விமானத்தில் வந்தேன், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கிறேன். அவர்களோடு என்னை ஒப்பிடுவது அபத்தம். ஆனால் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்த இடைத்தரகர் ஒருத்தர் இருந்தார், நல்ல தமிழில் நம்பிக்கையாப் பேசினார், பேசியதில் பாதி நடக்கவில்லை. அவரை நினைத்துக்கொண்டுதான் தம்புசாமியின் இந்தியப் பயணத்தைப் படித்தேன், மறைக்க வேண்டியதில்லை. படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. ரெண்டு பக்கத்து மொழியும் தெரிந்த ஆளைத்தான் எந்த அரசாங்கமும் இந்த வேலைக்கு அனுப்பும். ஆங்கிலத்தில் உத்தரவு வாங்கி, தமிழில் ஆளைக் கூப்பிட வேண்டும். அந்தத் திறமைதான் அவரை உயர்த்தியது, அதே திறமைதான் கூலிகளைக் கப்பலில் ஏற்றியது. ரெண்டையும் பிரித்து எடுக்க முடியவில்லை. அவர் மட்டும் போகாமல் இருந்திருந்தால் வேறொருவரை அனுப்பியிருப்பார்கள் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். நான் அதைத் தங்கையிடம் சொல்ல மாட்டேன். அந்த மாதிரிச் சமாதானம் யாருக்கும் உதவாது.

1886 செப்டம்பரில் பாதை திறந்தது. கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரைக்கும்தான். கிள்ளான் ஊர் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது, பாலம் இன்னும் வரவில்லை. 1890இல் பாலம் போட்டு ஊருக்குள் ரயில் போனது. பிற்பாடு பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகள், செந்தூலில் ரயில் பட்டறை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிகள், நிலைய அதிகாரிகள் என்று ஒரு முழு உலகமே அந்தத் தண்டவாளத்தின் ரெண்டு பக்கத்திலும் முளைத்தது. இன்று பிரிக்பீல்ட்ஸில் நீங்கள் காண்கிற தமிழ் வாழ்க்கைக்கு அடியில் அந்தக் கல்லும் கட்டையும்தான் கிடக்கிறது.

அரசாங்க வேலையை விட்டுவிட்டுத் தம்புசாமி தொழிலில் இறங்கினார். கூட்டாளி லோக் இயூ. சீனாவின் குவாங்டோங்கிலிருந்து சின்னப் பையனாகத் தனியாகச் சிங்கப்பூர் வந்து, கடையில் வேலை பார்த்து முன்னுக்கு வந்தவர். ஒரு தமிழரும் ஒரு சீனரும் சேர்ந்து ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தினார்கள். சுரங்கத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும், இறைத்தால்தான் ஈயம் எடுக்கலாம். அதற்கு மின்சாரம் வைத்து இறைக்கலாம் என்று 1894இல் மின்னாக்கி ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். இந்த நாட்டின் மின்சார வரலாற்றை எழுதுகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ரவாங் தெருவிலும் விளக்கு எரிந்தது. எங்கள் வீட்டுப் பக்கம் மின்சாரம் போனால் பையன்கள் தம்புசாமி பிள்ளையைக் கூப்பிடுங்கடா என்று சொல்கிற அளவுக்கு இப்போது இந்தக் கதையைப் பரப்பிவிட்டேன்.

பணம் வந்தது, மரியாதையும் வந்தது. சமாதான நீதிபதிப் பட்டம், சிலாங்கூர் கிளப் உறுப்பினர், 1893இல் விக்டோரியா கல்விக்கூடம் தொடங்கியபோது அதன் அறங்காவலர்களில் ஒருவர். குதிரைப் பந்தயத்தில் விருப்பம் உள்ளவர், விருந்து கொடுப்பதில் தாராளம். வெள்ளைக்காரர்களோடு சரிசமமாக உட்கார்ந்தார் என்று பெருமையாக எழுதுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஆர்வம் இல்லை. கிளப்பில் உட்கார்ந்ததைவிட அவர் கோயிலில் நின்றதுதான் எனக்கு முக்கியம்.

மாரியம்மன் கோயில் 1873இல் தொடங்கியது என்பது கோயில் வழக்கு. முதலில் ரயில் நிலையம் பக்கத்தில் இருந்தது. 1885இல் இப்போது இருக்கிற இடத்துக்கு, அன்றைய ஹைஸ்ட்ரீட், இன்றைய துன் எச்.எஸ். லீ சாலைக்கு வந்தது. நீங்கள் பார்க்கிற ராஜகோபுரம் பிற்காலத்தது, 1968இல் வேலை தொடங்கி 1972இல் முடிந்தது. ஏன் மாரியம்மன்? எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒரு மாரியம்மன். அம்மைக்கும் காய்ச்சலுக்கும் மழைக்கும் அவள்தான். சேறும் காய்ச்சலுமாக இருந்த ஊரில் தமிழன் முதலில் கூப்பிடக்கூடிய தெய்வம் வேறு யார்? வெளியூரில் உடம்பு சரியில்லாமல் தனியாக அறையில் படுத்திருந்தவர்களுக்கு இது விளக்கவே வேண்டாம். எனக்கு டெங்கி வந்த பத்து நாளும் அம்மா தொலைபேசியில் சொன்னது ஒன்றுதான், மாரியம்மனுக்கு முடிந்து வைத்திருக்கிறேன் என்று. உடம்பு தேறி முதலில் நான் போனது அந்தக் கோயிலுக்குத்தான்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும், இதையும் நான் வகுப்பில் சொல்லாமல் விட்டேன். ரொம்ப காலம் அது பிள்ளை குடும்பத்தின் சொந்தக் கோயில். 1920களின் கடைசியில்தான் குடும்பத்தார் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதாவது, தண்டவாளம் போட்டவனுக்கு அந்தக் கோயில் தன்னுடையது ஆகச் சுமார் நாற்பது வருஷம் பிடித்தது.

பத்துமலை வேறு மாதிரி. அந்தக் குகைகள் யாருக்கும் தெரியாமல் கிடந்த இடம் இல்லை. தெமுவான் பழங்குடி மக்கள் அங்கே தங்கிப் போய்வந்தார்கள். சீனத் தோட்டக்காரர்கள் வௌவால் எரு அள்ளிக்கொண்டு போய்க் காய்கறிக்குப் போட்டார்கள். 1878இல் ஹார்னடே என்ற அமெரிக்க இயற்கையியலாளர் எழுதியபிறகு வெளியுலகத்துக்குத் தெரிந்தது. தம்புசாமி அங்கே போனபோது குகையின் வாய் வேல் மாதிரி தெரிந்ததாகச் சொல்வார்கள். நானும் பல கோணத்தில் நின்று பார்த்தேன். ஒருநாள் விடியற்காலையில் சரியாகத்தான் தெரிந்தது, ஒருவேளை பார்க்கிற மனசைப் பொறுத்ததாக இருக்கலாம். அங்கே முருகனை வைத்தார். 1892இலிருந்து தைப்பூசம் நடக்கிறது. இன்றுள்ள 272 படிகள் அப்போது கிடையாது. மரப்படி போட்டதே 1920இல்தான். அதுவரைக்கும் காவடியோடு கல்லையும் வேரையும் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறார்கள்.

இது குடும்பக் கோயில் மாதிரி இல்லை. மலைக்குக் கதவு போட முடியாது. தோட்டத்திலிருந்தும் ரயில் லயத்திலிருந்தும் நடந்தே வந்தார்கள். பால்மரம் வெட்டியவர்கள், தண்டவாளம் போட்டவர்கள், கிராணிகள், கங்காணிகள், எல்லாரும் ஒரே மலையில் ஏறினார்கள். ஒருநாள் லீவு கிடைப்பதே அரிதான காலத்தில் அவர்கள் அந்த ஒருநாளை எதற்காக எடுத்துவைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவரவர் ஊர்த் தேர்த் திருவிழா, பங்குனி உத்திரம், ஆடிக் கூழ், எல்லாவற்றையும் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தவர்கள். எல்லா ஊர்க்காரனுக்கும் பொதுவாக ஒரு நாள் கிடைத்தது.

தம்புசாமி பிள்ளை 1902இல் காலமானார். 52 வயசு. 27 வருஷம் முன்னால் ஒரு வழக்கறிஞரின் கைப்பெட்டிக்குப் பின்னால் கிள்ளானில் கரையிறங்கியவர்.

தங்கைக்கு என்ன சொல்வது? ரெண்டும் வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். கோபம் வருகிற இடத்தில் கோபப்படலாம், அதற்காகப் படியேறாமல் இருக்க வேண்டியதில்லை. இதை இந்தத் தைப்பூசத்தின்போது அவளிடம் சொல்லவும் செய்தேன். ராத்திரி மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பியபோது அவள் தன் பாட்டியோடு பின்னால் நடந்துகொண்டிருந்தாள். நான் அவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் தூக்கிக்கொண்டு வந்தேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச தூரம் போனபிறகு, பாட்டிக்குக் கால் வலிக்கிறது, கொஞ்சம் மெதுவாகப் போகலாமா என்று மட்டும் கேட்டாள். மெதுவாகவே போனோம்.

எங்களோடு இன்னொரு பையனும் வந்தான். என் அலுவலகத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்து மூணு வாரம்தான் ஆகிறது. தோசை அஞ்சு வெள்ளியா என்று ஏற்கெனவே ஒருதரம் அதிர்ந்து முடித்திருந்தான். விடியும்போது மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கூட்டத்துக்கு நடுவில் நின்று மேலே பார்த்தான், இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். பிறகு என் தோளைத் தட்டி, மற்ற ஒன்பதும் எங்கே அண்ணே என்று கேட்டான்.

நான் சொல்லவில்லை. நல்லா எண்ணிப் பாருடா தம்பி என்று விட்டுவிட்டேன்.